மூன்றாவது பெட்டியில் இரண்டு சீட்டு

ஊ தெயினின் துப்பாக்கி அறையில், கதவுக்கு இடப்பக்கம் மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி, இனி என் வேலையைப் பார்க்கப்போகும் நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அந்த அறையில் மற்ற துப்பாக்கிகளுக்கெல்லாம் ஒரு சீட்டுதான் கட்டியிருக்கிறது. இதற்கு மட்டும் இரண்டு. ஒன்றில் "சுடலாம்" என்றும் இன்னொன்றில் "பார்க்க மட்டும்" என்றும் இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்து. "சுடலாம்" என்ற சீட்டை யாரோ சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் மதிப்பெண் வேறு போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வெடிக்காத இரண்டு தோட்டா. "சயா, பார்க்கிறவங்க குழம்புறாங்க. பழைய சீட்டை எடுத்துடலாமா?" என்று போன வாரம் கேட்டீர்கள்.

எடுக்கக்கூடாது. ஏன் என்று இதில் எழுதித் தருகிறேன்.

தமிழில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பர்மீயம்தான் சுலபம் என்று தெரியும். எழுத்து தடுக்கினால் வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் கேட்ட பேச்சுதான், காதுக்குப் புரிந்துவிடும்.

இந்த வேலையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தாகேதாவிலிருந்து தினமும் பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, துப்பாக்கிக் கட்டைகளுக்கு எண்ணெய் தேய்க்கும் ஆளாகக் கடையில் சேர்ந்தேன். பார்த்துப் பார்த்துக் கற்றது பாதி, ஏச்சு வாங்கிக் கற்றது பாதி. சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பழைய துப்பாக்கி வந்தது. குழல்மேல் பழுப்பு நிறம். அழுக்கு என்று நினைத்து எஃகு நாரால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. மாலையில் சொந்தக்காரர் வந்தார், பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இதுக்கு நூறு வயசுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீ ஒரே நாள்ல நேத்துப் பிறந்த பிள்ளையா ஆக்கிட்டியே" என்றார். அந்தப் பழுப்புதான் அந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பளபளப்பு என்னை முதல் முறை ஏமாற்றியது அப்போது. இரண்டாம் முறை ஏமாற்றியபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மூன்றாவது பெட்டியின் கதை அது.

அந்த அறையில் துப்பாக்கிகளைச் சேர்த்துவைத்த ஊ தெயினை, அவருடைய வயதான காலத்தில்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் சொல்லும் சமயத்தில் அவர் தேக்குமரம் மாதிரி இருப்பார். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் வயலும் தோட்டமும் உண்டு. உரிமத்தோடு பழைய இரட்டைக்குழல்களைச் சேர்ப்பதுதான் அவருக்கு உயிர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டே இரண்டு தோட்டா. டாலா தோட்டத்தில் நண்பர்களைக் கூட்டி, வலது குழலில் ஒன்று, இடது குழலில் ஒன்று சுட வேண்டும். அதன் பிறகு தோட்டாவை அடிக்கும் ஊசியைக் கழற்றிவிடுவார். கண்ணாடிப் பெட்டிக்குப் போனால் ஆயுசுக்கும் ஓய்வு. "வேலை பார்த்தவனை வணக்கம் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பணும், சயா" என்பார். வாத்தியார் என்று என்னை மரியாதையாகக் கூப்பிடுவது அவர் பழக்கம்.

அந்த இரண்டு தோட்டாவுக்கு முன்னால் துப்பாக்கி என்னிடம் வர வேண்டும். நான் பார்த்து, "சுடலாம்" அல்லது "பார்க்க மட்டும்" என்று எழுதிச் சிவப்பு நூலால் கட்டுவேன். என் சீட்டை அவர் ஒரு தடவையும் மறுத்துக் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். கொஞ்சம் கூடுதலாகவே பெருமை.

அந்தச் சமயத்தில் ஒரு வாரம் அவருக்கு ஒரு துப்பாக்கி வந்தது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை டா மியா என்பவரின் அப்பாவுடையது. அப்பா காலமாகி வெகுகாலம். டா மியா அதைப் பெட்டியோடு ஊ தெயினுக்குக் கொடுத்துவிட்டார். கேட்டது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு தோட்டாவையும் தன் கையால் சுட வேண்டும். அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். "எங்கப்பா என்னைச் சைக்கிள் ஓட்டவிட்டார், படகு தள்ளவிட்டார், சபையில எழுந்து பேசவிட்டார். இதை மட்டும் தொடவிடல. முப்பது வயசுல வாத்தியாராகி வந்து கேட்டேன். அப்பவும் 'உனக்கு வேண்டாம்'னு பெட்டியைப் பூட்டிட்டார். பொம்பளைன்னுதானே?" என்று கேட்டாராம். ஊ தெயின் உடனே சம்மதித்துவிட்டார்.

துப்பாக்கி என் மேசைக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் பத்து மணிக்கு டாலாவில் விருந்தாளிகள். ஓட்டுநர் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். குழலும் கட்டையும் சேரும் பூட்டைத் திறந்து பார்த்தேன், இறுக்கம் சரியாக இருந்தது. குழலை நூலில் தொங்கவிட்டுத் தட்டினேன், கோயில் மணி மாதிரி கணீரென்றது. ஜன்னல் பக்கம் தூக்கி உள்ளே பார்த்தேன். என்ன சொல்ல! இரண்டு குழலும் கண்ணாடி. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை.

குழல் சுவரின் கனத்தை அளக்கும் கேஜ் நம்மிடம் இருக்கிறதே, நீளக் கம்பியும் டயலும் உள்ளது, அது அலமாரி மேல் தட்டில் இருந்தது. ஏணி போட்டு எடுக்க வேண்டும். ஹாரன் இன்னொரு தடவை கேட்டது.

நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் ஒரு வார்த்தை "யா தே". ஆகும், போதும், பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் அதுதான். மின்சாரம் போனாலும் யா தே, குழம்பில் உப்புக் கூடினாலும் யா தே. எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை. இந்த ஊரில் சனங்கள் சண்டை போடாமல் வாழ்வதே அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு அலமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு எனக்கு நானே "யா தே" என்றேன். கடைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி, சீட்டில் "சுடலாம்" என்று போட்டு, நூல் கட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குக் கைப்பேசி அடித்தது. எங்கள் கடைப் பதிவேட்டை எழுதிய அக்கா. அவள் பெயரை இங்கே எழுதினால் என்னைச் சும்மா விடமாட்டாள், அதனால் அக்கா என்றே இருக்கட்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து, அச்சடித்த மாதிரி இருக்கும். கடைக்கு வந்துபோன ஒவ்வொரு துப்பாக்கியும் நம்பரோடு அவள் புத்தகத்தில் இருக்கும். புதிதாக வந்த துப்பாக்கிக்கு அட்டை எழுத ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்கு முன்னால் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, சாப்பிட்டியா?"

"இல்லக்கா, இப்பத்தான் மொஹிங்கா வாங்கிட்டு வந்தேன்."

"அப்ப வாயில வைக்காத. அப்புறம் தொண்டையில நிக்கும். நேத்து அனுப்பினியே, அந்தத் துப்பாக்கி நம்பர் நம்ம பழைய புத்தகத்துல இருக்கு. நான்தான் எழுதியிருக்கேன், முப்பது வருஷம் இருக்கும். நீ வர்றதுக்கு முந்தி. 'இடது குழல், நடுப்பாகம், ஆழமான குழிகள்'னு இருக்கு. நீ நேத்து என்னா எழுதியிருக்க? 'குழல் இரண்டும் சுத்தம், புள்ளி இல்லை.' குழி எங்க போச்சு? எலி தின்னுச்சா?"

மொஹிங்காக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

இந்த இடத்தை நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டும். இரும்பில் விழுந்த குழி ஆறாது. மனிதத் தோல் இல்லை அது. குழி இருந்த இடம் கண்ணாடியாக இருந்தால் ஒரே அர்த்தம்தான்: குழியின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருந்த இரும்பை யாரோ கடைந்து எடுத்திருக்கிறார்கள். குழல் அழகாகியிருக்கிறது, சுவர் மெலிந்திருக்கிறது. அந்த மெலிந்த நடுப்பாகத்துக்குக் கீழேதான் சுடுகிறவரின் இடது கை தாங்கிப் பிடிக்கும். பத்து மணிக்கு அந்தக் கை டா மியாவின் கை.

ஊ தெயினைக் கூப்பிட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். தோட்டத்துக்குப் போனால் கைப்பேசியை ஜீப்பிலேயே போட்டுவிடுவார். ஓட்டுநருக்கு அடித்தேன், இணைப்பே கிடைக்கவில்லை.

தாகேதாவிலிருந்து டாக்சி பிடித்துக் கடைக்கு ஓடினேன். ஏணி போட்டு கேஜை எடுத்தேன். நேற்று ஏறாத அதே ஏணி. கேஜை ஒரு பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு திரும்பினால் அக்கா வாசலை மறித்து நிற்கிறாள், கையில் அந்தப் பழைய பதிவேடு.

"இதையும் எடுத்துட்டுப் போ."

"எதுக்குக்கா? கேஜ் போதும்."

"நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சுன்னா உன் வாயை யார் நம்புவா? புத்தகம் பேசட்டும். தண்ணியில போட்டுடாத, எனக்கு முப்பது வருஷ உழைப்பு."

ஒன்பதேகால் படகில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் சொல்ல முடியாது. காடை முட்டை விற்கும் பெண் என் மூட்டையைப் பார்த்து, "அண்ணன் தூண்டிலை நல்லா மூடி வச்சிருக்காரு, மீனுக்குத் தெரியக்கூடாதுன்னு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் பத்து வார்த்தை பேசியிருப்பேன். கடற்காக்கைக்கு யாரோ தீனி எறிந்தார்கள், படகே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆற்றைக் கடக்கும் அந்தப் பத்து நிமிஷமும் எனக்குள் ஒரு கேள்விதான். மெலிந்தது எவ்வளவு மெலிந்தது? ஒருவேளை தாங்குமோ? தாங்கினால் நான் ஓடிப்போய்க் கத்துவது எனக்கே கேவலம். பேசாமல் போய் ஓரமாக நின்று பார்த்தால் என்ன? உண்மையைச் சொல்கிறேன், அந்த நினைப்பு வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும். வந்தால், நாம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கரையில் சைக்கா ஓட்டுபவர் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "ஊ தெயின் தோட்டம், சீக்கிரம்" என்றேன்.

"அவசரம் உங்களுக்கு, மூச்சு எனக்கா?" என்று துப்பிவிட்டு மிதித்தார். பாதி வழியில் மேடு வந்தது. நான் இறங்கித் தள்ளினேன். அவர் திரும்பிப் பார்த்து, "சரிதான், பாதிக் கூலி உங்களுக்கு" என்றார்.

தோட்டத்து வாசலுக்கு வந்தபோது மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம். மாமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊறிய தேயிலையும் வறுத்த கடலையும் வைத்த லபெத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் மண்மேட்டுக்கு முன்னால் ஒரு பலகை. டா மியா பட்டுத் தமெய்ன் உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, கல்யாணப் பெண் மாதிரி நின்றிருந்தார். துப்பாக்கி அவர் கையில். இடது உள்ளங்கை எங்கே இருந்ததென்று சொல்ல வேண்டியதில்லை.

"சயா வந்துட்டார்!" என்று ஊ தெயின் கையைத் தூக்கினார். "வாங்க, வாங்க, நல்ல நேரம்!"

"சுட வேண்டாம்" என்றேன். மூச்சு வாங்கியதில் அது யாருக்கும் கேட்கவில்லை. கிட்டப் போய், "சயாமா, அதைக் கொஞ்சம் என்கிட்ட கொடுங்க" என்று கை நீட்டினேன்.

டா மியா கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் வகுப்பறையை அடக்கிய பார்வை. "ஏன்?"

"நேத்து நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொன்னாலும் நீளும் என்று தோன்றியது.

ஊ தெயினின் முகம் சுருங்கியது. "நேத்து உங்க கையெழுத்துதானே சயா? நல்லா இருக்குன்னு எழுதினீங்களே?"

"எழுதினேன். அளக்காம எழுதினேன்."

துப்பாக்கி என் கைக்கு வந்தது. லபெத் தட்டை நகர்த்திவிட்டு மேசைமேல் கேஜை நிறுத்தினேன். வலது குழலை இறக்கினேன். முள் போதுமான இடத்தில் நின்றது. விருந்தாளிகளில் ஒருவர் "நல்லாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்தார். இடது குழலை இறக்கினேன். மெதுவாகத் திருப்பிக்கொண்டே நடுப்பாகத்துக்கு வந்தேன். முள் விழுந்தது. இருக்க வேண்டிய கனத்தில் பாதிகூட இல்லை. இரண்டு தபால்தலையை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. அந்த இடத்தில் வெளியே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். டா மியா கிட்ட வந்து தன் இடது கையை அந்த வட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணம் ஒட்டியிருந்தது.

"என் தம்பி ஷ்வேப்யிதாவுல ஒரு லேத் பட்டறையில கொடுத்துச் சுத்தம் பண்ணினான்" என்றார். "அப்பா போனப்புறம். துருவா இருக்குன்னு. நல்லதுன்னுதானே செஞ்சான்? நாங்க உங்களை ஏமாத்தினோம்னு சொல்றீங்களா?"

"இல்ல சயாமா. உங்க தம்பி ஏமாந்தது ஒரு தடவை. அதே பளபளப்பைப் பார்த்து நானும் ஏமாந்தேன். அவருக்காவது இது தொழில் இல்ல."

அப்போதுதான் ஊ தெயின் கேட்டார். கூட்டம் நிற்கிறது, சமைத்த சாப்பாடு நிற்கிறது, ஒரு பெண்மணியின் முப்பது வருஷ ஆசை நிற்கிறது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் தோளில் கை போட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வலது குழல் சரியாத்தானே இருக்கு சயா. அதுல ஒண்ணு மட்டும் சுடட்டும். யா தே?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். டா மியாவும்தான். முள் காட்டிய கணக்குப்படி வலது குழல் தாங்கியிருக்கும், அநேகமாக. "யா தே" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோர் முகமும் மலரும், என் மானமும் பாதி தேறும். ஆனால் அதே பட்டறை, அதே கை கடைந்த குழல் அது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பவை. நேற்று அலமாரியைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தையைத்தான் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள்.

"மயா பூ" என்றேன். ஆகாது. அவரிடம் இத்தனை வருஷத்தில் நான் சொல்லாத வார்த்தை. என் காதுக்கே சத்தமாகக் கேட்டது.

ஊ தெயின் கையை எடுத்துக்கொண்டார். அக்கா கொடுத்த பதிவேடு நினைவுக்கு வந்தது. பக்கத்தைப் பிரித்து டா மியாவிடம் நீட்டினேன். குழி இருந்ததற்கு ஆதாரம் காட்டத்தான் நீட்டினேன், வேறு எதையும் நினைக்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். நான் அவசரத்தில் பார்க்காத கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றது. பிறகு மெதுவாக வாசித்தார்.

"சுட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லப்பட்டது."

அதற்குக் கீழே அவர் அப்பாவின் கையொப்பம்.

டா மியா அந்தக் கையொப்பத்தை விரலால் தொட்டார். வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தார். "இதுல தேதி போட்டிருக்கிற வருஷம்தான் நான் கேட்டேன்" என்றார். "இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே. 'வேண்டாம்'னு மட்டும் சொன்னார். ஒரு வார்த்தை கூடுதலாப் பேசினா அவருக்குக் காய்ச்சல் வந்துடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வருஷத்துக்குப் பிறகு அப்பா அந்தத் துப்பாக்கியைச் சுட்டதையும் தான் பார்த்ததில்லை என்றார். முப்பது வருஷம் தன்னை மட்டும்தான் விலக்கிவைத்தார் என்று நினைத்திருந்தாராம்.

ஊ தெயின் அந்த இரண்டு தோட்டாவையும் கொண்டுவந்து துப்பாக்கி பக்கத்தில் மேசைமேல் வைத்தார். "இது சுடாமலே ஓய்வுக்குப் போகட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் சயா, இன்னைக்கு நீங்க ஒண்ணுமே சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றார். அவர் மன்னித்துவிட்டார் என்று அதில்தான் தெரிந்தது.

நான் புதுச் சீட்டு எழுதினேன். "பார்க்க மட்டும்." பழையதைக் கிழிக்கப் போனபோது டா மியா கையை நீட்டித் தடுத்தார்.

"தப்பு விடையை யாராவது கிழிப்பாங்களா? திருத்தணும்." பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வு பெற்றும் அந்தப் பேனா போகவில்லை. "சுடலாம்" என்பதன்மேல் ஒரு கோடு. "முதல்ல அளந்தீங்களா?" "இல்ல சயாமா." "அப்புறம்?" "அளந்தேன்." கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் எழுதி, வட்டம் போட்டுக் கொடுத்தார். பத்துக்கு ஆறு.

ஊ தெயின் இரண்டு சீட்டையும் ஒன்றாகவே கட்டச் சொன்னார். அன்றுமுதல் அப்படித்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்கலாம்: இப்போது அந்த அறையில் எந்தத் துப்பாக்கியும் சுடப்போவதில்லை, எல்லா ஊசியும் கழற்றியாகிவிட்டது, சீட்டில் என்ன இருந்தால் என்ன? நாளைக்கு அந்தத் துப்பாக்கிகள் யார் கைக்குப் போகும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு ஊசியைத் திரும்பப் போட அரைமணி நேரம் போதும். அன்றைக்கு அங்கே நீங்கள் இருக்கமாட்டீர்கள், உங்கள் சீட்டு மட்டும்தான் இருக்கும். ஏணி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஏறுங்கள்.

முப்பத்தெட்டு வருஷம் இந்த வேலை பார்த்தேன். என் சீட்டை நம்பிச் சுட்டு ஒருவருக்கும் விரல் நுனியில்கூடக் காயம் பட்டதில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். ஆனால் அன்று சாயங்காலம் பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய், பத்துக்கு ஆறு வாங்கினேன் என்று அக்காவிடம் பெருமையடித்தபோது, அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அதுல அஞ்சு என்னுது."

குழியைப் பிடித்தது அவள் புத்தகம், டா மியாவுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்ததும் அவள் புத்தகம். மிச்சம் இருக்கும் ஒரு மதிப்பெண் "மயா பூ" என்றதற்கு. அது என்னுடையது. அதைத்தான் நீங்கள் எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள்.